பூச்சியத்தில் நீலம்

டச் பே பக்கம் மாடி அறை.
மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த முஃப்லிஹா
என் நிறத்தெரிவுப் பெட்டியைத் திட்டுகிறாள்.

"வட்டம் வடிவாத்தான் இருக்கு.
புள்ளியப் பிடிக்க நகம் வளர்க்கோணும்.
சொட்டுக்குழாய் ஒத்தைப் பிக்சலைக் கடிக்குது,
அலையில வெச்சா ஒருக்கா பச்சை, ஒருக்கா வெள்ளி.
பெருவிரல் அளவு இடத்துக்குச் சராசரி தாங்க."

எழுதிக்கொண்டேன்.

பகலில் எடுத்த கடலை
அவள் இரவாக்க வேண்டும், வெள்ளிக்குள்.
வெளிச்சக் கோலை அடிமட்டும் இழுத்தாள்.
கூடிப்போச்சு என்று திரும்ப ஏற்றினாள்.
கடல் சாம்பலாய் வந்தது.

"பாத்தீங்களா? கறுப்புக்குள்ள போயிட்டு வந்தா
இதுக்குத் தான் ஆரெண்டே தெரியாது."

கணக்கில் பிழையில்லை, என்றேன்.
கறுப்புக்கு நிறக்கோணம் கிடையாது.

"கணக்கை ஆர் கேட்ட?"

அவள் போனபின் ஆறு வரி எழுதினேன்:
இறங்கும்போது கோணத்தை வாங்கி வை,
ஏறும்போது கேட்காமலே கொடு.
ஐந்தாவது வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்
தேத்தண்ணீர் ஆறியது.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
யன்னலில் கடல் இல்லை, இரைச்சல் மட்டும்.
இருநூற்று நான்கு பாகை,
என்று சொன்னேன்
அந்தப் பக்கம் பார்த்து.