கட்டுப்படி

கிரிம்ஸ்பியில், மீன் துறைக்குப் பின்னால்
ஒரு தேவாலயக் கூடம்.
ஆறு மணி நேரத்துக்கு வாடகை நாற்பத்தெட்டு பவுண்ட்.
இரண்டு செவிலியர், அவர்களுக்குப் பயிற்சி தந்த செலவு,
கையேடு, தேநீர்,
ரப்பரில் செய்த வறுத்த மீன் ஒன்று, ரப்பர் சிப்ஸ் ஒரு கை,
அதிலுள்ள கொழுப்பு இவ்வளவு என்று காட்ட
மஞ்சள் மெழுகுக் கட்டி.
எல்லாம் என் அட்டவணையில் ஏறிவிட்டன.
பிஸ்கட்டைத்தான் எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.
சர்க்கரை நோய் வகுப்புக்கு யாரோ வாங்கிவந்து
ஒருவரும் தொடாமல்
சாயங்காலம் வீடு திரும்பிய பிஸ்கட்.

நோயாளியின் நாடியைத் தொட்டதில்லை நான்.
கட்டுப்படியாகுமா என்று பார்ப்பது என் வேலை.
அன்று ஒரு நாள் மட்டும்
கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்,
செலவைச் சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டு.

பத்துப் பேர். நோயின் பெயர் தெரிந்து
ஒருவருக்கும் மூன்று மாதம் ஆகவில்லை.
கிளைவ் ஹார்க்கர் முப்பது வருடம் மீன் அரிந்தவர்.
பனிக்கட்டியில் மரத்த விரலைத் தூக்கிக் காட்டி
"ஊசி குத்தினாலும் தெரியாது, அந்த மட்டும் லாபம்" என்றார்.
செவிலி மார்னி சிரித்துவிட்டு
"அப்போ காலைக் கழற்றிக் காட்டுங்க, காலுறையைச் சொன்னேன்" என்றாள்.

பாடம் நடத்தவே இல்லை அவள்.
உங்களுக்கு இது எதனால் வந்தது என்று மட்டும் கேட்டாள்.
பீர், என்றார் ஒருவர்.
அப்பா, என்றார் இன்னொருவர்.
நோரீன் பிளாங்கின் கைப்பையை மடியில் திருப்பி வைத்து
"எங்க கெவின் போனதிலிருந்து" என்றாள்.
மார்னி திருத்தவில்லை.
பீருக்குக் கீழே, அப்பாவுக்குக் கீழே,
பச்சைப் பேனாவால்
*கெவின்*
என்று பலகையில் எழுதினாள்.

ஒரு வருடம் கழித்து எண்கள் வந்தன.
எடை கொஞ்சம் இறங்கியிருந்தது.
இரண்டு பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள்.
ரத்தத்துச் சர்க்கரை, வகுப்புக்கு வராதவர்களுக்கும்
ஏறக்குறைய அதேதான்.
ஒரு தலைக்கு எழுபது பவுண்ட் போட்டால்
ஒரு வாழ்நாளில் பதினைந்து நல்ல நாள் மிஞ்சும்
என்றது என் கணக்கு.

அந்தப் பதினைந்தையும் அப்படியே எழுத முடியாது.
நாளைய நாள் இன்றைய நாளைவிட மலிவு,
வருடத்துக்கு நூற்றுக்கு மூன்றரை கழிக்கவேண்டும்.
எங்கள் தொழிலின் சாத்திரம் அது.
பத்து வருடம் கழித்து வெட்டுப்படாமல் தப்பும் ஒரு கால்
இன்று முக்கால்கூட இல்லை.

படிவத்தில் ஐந்தே கேள்வி.
நடை, குளியல், அன்றாட வேலை, வலி, கவலை.
கவலைக்கு நோரீன் நடுக்கட்டத்தில் குறி போட்டிருந்தாள்,
போன வருடமும் அதே நடுக்கட்டம்.
வித்தியாசம் பூச்சியம்.
ஓரத்தில், கோடு போடாத இடத்தில்,
நுணுக்கி எழுதியிருந்தாள்:
"அதே அளவுதான்.
ஆனால் இப்போது எதைப் பற்றி என்று தெரியும்."

இதை எந்தப் பத்தியில் போடுவது?
பூச்சியத்தைத் தட்டினேன்.
கிளைவின் படிவம் வரவேயில்லை.
வராதவர்களுக்கு
வந்தவர்களின் சாயலில் ஓர் எண்ணை
நாங்களே ஊகித்து நிரப்பிவிடுவோம்.
கட்டுப்படியாகும், அநேகமாக, என்று
அறிக்கையின் கடைசி வரியை முடித்தேன்.
அந்த அநேகமாகவுக்குக் கீழே
நான்கு பக்கப் பின்னிணைப்பு.

வெள்ளிக்கிழமை மீன் கடை வரிசையில்
எனக்கு முன்னால் அவர்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
சிப்ஸ் வேண்டாம், இல்லை, பாதி போடு,
இல்லை, சரி, முழுசாவே போடு என்றார்.
வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
மீனின் மேல் வறுத்த மாவுக் கூட்டை
நகம் படாமல், ஒரே உரியில், ஓட்டையில்லாமல் உரித்து
(முப்பது வருடக் கை அல்லவா)
கடற்புறாவுக்கு எறிந்தார்.

சிப்ஸை முழுக்கச் சாப்பிட்டார்.