ஜனவரித் தாள்

போன் அடித்தால் முதல் கேள்வி வாடகை அல்ல.
"அங்க இப்போ கிளைமேட் எப்படிங்க?"

நாயுடுபுரத்தில், ரொட்டிக் கடைக்கு மேலே,
பத்து அறை விடுதி.
என் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல்.
அதில் தெரிவது ஒரு தண்ணீர்த் தொட்டி,
அதற்கு இப்பால் பக்கத்து வீட்டுச் சவ்சவ் கொடி.
தொட்டி தெரிந்தால் வெயில் என்பேன்.
கொடி மட்டும் தெரிந்தால் மூட்டம்.
இரண்டும் இல்லையென்றால்
"சூப்பரா இருக்கு, வாங்க" எனச் சொல்லவேண்டும்,
அது முதலாளி அருள்ராயன் உத்தரவு.
எனக்கு அது தொண்டையோடு நின்றுவிடும்.

சிவகாசியிலிருந்து இருளப்பன்.
காலண்டர் அச்சகத்தில் மிஷின்மேன்.
மே மாதம் வரலாமா என்றார்.
வரலாம்.
வத்தலகுண்டு தாண்டினால்
முன்வண்டியின் பின்விளக்குதான் சுற்றுலாத்தலம்.
வாடகை மூன்று மடங்கு.
மலர்க் கண்காட்சியில் பூவைவிட முதுகு அதிகம்.
"அப்ப வேண்டாம்."

ஆடியில் கேட்டார்.
காற்று, என்றேன்.
கூரைத் தகரம் ராத்திரி முழுக்கப் பேசும்.
பேரிக்காய் மலிவு.
"பதினெட்டாம் பெருக்குக்கு ஆல்பம் வரணும்மா,
அப்புறம் மார்கழி வரைக்கும் மூச்சு விட நேரமில்ல"
என்று அவரே வைத்துவிட்டார்.

ஐப்பசியில் மறுபடி.
மனைவிக்குப் பட்டாசு ஆலை.
தீபாவளி முடிந்தால் ஒரு மாதம் பூட்டு.
"அவளுக்கு அப்பத்தான் லீவு."
மழை, என்றேன்.
பெருமாள்மலைப் பக்கம் மண் சரிந்து
நேற்றைய பஸ் பாதியில் திரும்பிவிட்டது.
"எங்களுக்கும் மழைன்னா வேலை இல்ல, கூலியும் இல்ல.
லீவுன்னாலே மழைதான் போல."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தையில் உறைபனி.
முன்பனி, பின்பனி எனப் பள்ளியில் ஒப்பித்தேன்;
எது முன், எது பின் என்று
இப்போது கால்விரல்களுக்குத்தான் தெரியும்.
குழாயில் தண்ணீர் வர எட்டு மணி ஆகும், என்றேன்.
ஹீட்டருக்குத் தனிக் காசு.

இப்படி இரண்டு வருஷம்.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
அவர் லீவு, அவள் லீவு, எங்கள் வெயில்
மூன்றும் ஒன்றாய் விழும் நாளைத் தேடினேன்.
பங்குனியில் கிடைத்தது:
அவர்கள் ஊர்ப் பொங்கலுக்கு ஆலையும் அச்சகமும் மூடும்
ஒரு செவ்வாய், ஒரு புதன்.
காட்டுத்தீப் புகை இல்லாவிட்டால்.

புகை இல்லை.
காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.
செண்பகவல்லியின் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி.
ஏழாம் எண் அறை கொடுத்தேன்:
கழுத்தை வளைத்தால் ஏரி தெரியும் ஒரே அறை.

ஒன்பதுக்குக் கதவு சாத்தியது.
பன்னிரண்டுக்குத் தட்டினேன்.
நல்ல வெயில், ஏரி தெரியுது.
"இருக்கட்டும்மா."
நாலு மணிக்குத் தட்டினேன்.
படகு நிறுத்தப் போறாங்க.
பதில் இல்லை.
இரண்டு சுருதியில் குறட்டை.

மறுநாளும் வானத்தில் ஒரு கீறல் இல்லை.
ஏரிச்சாலையில் ஜகரண்டா ஊதாவாய்க் கொட்டிக்கிடக்க
அவர்கள் தூங்கினார்கள்.
இரண்டு வருஷமாக நான் பொறுக்கிவைத்த வெயில்
வீணாகிப்போனது.
வாசலில் வைத்த டீ பிளாஸ்க் மட்டும்
காலியாகத் திரும்பி வந்தது.

சாவி கொடுக்கும்போது பொறுக்காமல் கேட்டேன்:
ஒண்ணுமே பாக்கலையே?
செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள்.
"போர்வை நல்லா கனமா இருந்துச்சு," என்றாள்.
பிறகு, படியில் இறங்கிக்கொண்டே,
"ஃபேன் சத்தமே இல்ல."

மார்கழியில் கூரியரில் ஒரு காலண்டர்.
ஜனவரித் தாளில் எங்கள் ஏரி,
கரையெல்லாம் ஜகரண்டா.
அது ஜனவரியில் பூக்காது.
என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
இருந்தும் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

இன்று போன்.
யாரோ, விருதுநகர்ப் பக்கத்துக் குரல்.
"பொங்கலுக்கு வரலாமா? கிளைமேட் எப்படி?"
ஜன்னலில் தொட்டி இல்லை, கொடி இல்லை.
முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

பனி, என்றேன்.
ஒண்ணும் தெரியாது.
போர்வை கனமா இருக்கும்.

மறுமுனையில் கொஞ்ச நேரம்
ஃபேன் ஓடும் சத்தம்.