பதினாலரை

ஒரு நாளைக்கு முந்நூற்று அறுபது காலர் தைக்கிறேன்,
ஜேக்கப்ஸில், தகரக் கூரைத் தொழிற்சாலையில்.
ஆண்களின் கழுத்து எனக்கு அத்துப்படி:
பதினாலரை, பதினைந்து, பதினாறு,
உட்கார்ந்தே சம்பாதிப்பவர்களுக்குப் பதினேழரை.
கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது.

கவேஷனின் மேலுதட்டில் கரி அப்பியதுபோல் தெரிந்தபோது
முகம் கழுவச் சொல்லி இரண்டு முறை விரட்டினேன்.
மூன்றாம் முறை கதவைச் சாத்திக்கொண்டான்.
பள்ளியில் பூனை என்று கூப்பிடுகிறார்களாம்.
சொன்னது சின்னவன்.

எதிர் பிளாட் மிஸிஸ் படையாச்சி
துணிக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்:
"ஞாயித்துக்கிழமை என் தம்பி வருவான், அனுப்பி வை.
இதெல்லாம் ஆம்பிளை சொல்லிக்குடுக்கணும்."
நல்ல மனுஷி. வெள்ளம் வந்த மாதம்
தண்ணீர் லாரி வரிசையில்
என் வாளிக்கும் சேர்த்து நின்றவள்.
சரி என்று சொல்லத்தான் பார்த்தேன்.
பல்லிடுக்கில் துணிக் கிளிப்.
அதை எடுப்பதற்குள்
சரி போய்விட்டது.

அவன் அப்பா ஜோஹன்னஸ்பர்க் போனபோது
இவனுக்கு ஏழு வயது.
முதல் இரண்டு வருஷம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
பிறகு ஒரு ஜூலையில் கீசர் ஒழுகியது.
வந்து பார்க்கவே எண்ணூறு ராண்ட் என்றான் ஒருத்தன்.
எழுபது ராண்டுக்கு ஸ்பானர் வாங்கினேன்.
மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.
குழாயில் வெந்நீரும் இருக்கிறது.

டீ இடைவேளையில் வீடியோ பார்த்தேன்.
யாரோ ஒரு வெள்ளைக்காரன் கன்னத்தை உப்பிக்கொண்டு
நுரையை வழிக்கிறான்.
பக்கத்து மெஷின் நொம்வூலா எட்டிப் பார்த்தாள்.
"யாருக்கு, உனக்கா?"
சொன்னேன்.
"முடி சாயும் பக்கமே இழு, எதிர்த்து இழுத்தா கொப்புளம்.
மூணு பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றாள்,
ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கியபின்
ஒரு பப்பாளிக்கு நுரை தடவி
முழுசாகச் சவரம் செய்தேன்.
காலையில் நறுக்கிக் கொடுத்தேன்.
சோப்பு வாசனை அடிக்குது என்றார்கள்.
சும்மா தின்னுங்கடா என்றேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு
சாட்ஸ்வர்த் முழுக்க கரண்ட் போனது.
தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும்.
தெலூஷன் கக்கூஸ் மூடிமேல் ஏறி
போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.
சிரிப்பில் வெளிச்சம் குலுங்கியது.
அசையாதே என்று அதட்டினேன், என் கைக்கும் சேர்த்து.

தாடையைத் தூக்கினான்.
டேப் இல்லாமலே மனசு அளந்துவிட்டது: பதினாலரை.
பிறந்தபோது நிற்காத கழுத்து;
உள்ளங்கையில் தாங்கித்தான் குளிப்பாட்டுவேன்.
இப்போது அதில் ஒரு எலும்பு
ஏறி இறங்குகிறது.
அவனுக்கும் பயம்.

மூக்குக்குக் கீழே வெட்டிவிட்டேன்.
நுரையில் சிவப்பு பரவியது.
நான் நிறுத்தினேன்.
"முடிச்சிரும்மா" என்றான்.
பாதிச் சொல் பழைய குரலில்,
மீதி யாருடைய குரலிலோ.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
ஃபிரிட்ஜ் முனகியது, கீழ்வீட்டு டிவி பாதி வாக்கியத்தில் தொடங்கியது.
மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தோம்.
"அப்பா மாதிரியே இருக்கான்" என்றான் தெலூஷன்,
போட்டோவில் மட்டும் பார்த்தவன்.
கவேஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.
இருந்தால் இருக்கட்டும் என்றேன்.
முகம் என்னடா பண்ணும்.
எடு துண்டை, மருந்து போடணும்.

இப்போதெல்லாம் அவனே செய்துகொள்கிறான்.
வாஷ்பேசினில் ஒட்டிக் கிடக்கும் துணுக்குகளை
யார் கழுவுவது என்று தினம் சண்டை.
இன்றும் கத்திவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பள்ளிச் சட்டையின் மேல் பட்டனை
போட மாட்டேன் என்கிறான், நாலு நாளாக.
திமிர் என்று நினைத்தேன்.
மத்தியானம் பதினைந்து அளவு காலர்கள் கட்டாக வந்தபோதுதான்
உறைத்தது.
ராத்திரி அளந்து பார்க்கணும்,
நின்றால்.