கட்டை போடுகிறவள்

முன்னால் இருக்கிற சாலை எனக்குத் தெரியாது.
நான் பார்ப்பதெல்லாம்
கடந்து முடிந்த சாலை.

டிரெய்லரின் பின்பலகையில்
மூட்டைக்கு முதுகைக் கொடுத்து,
கால் தொங்க உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் கட்டை.
கற்பூரமரத்தில் அறுத்த முக்கோணம்.
ஏற்றத்தில் வண்டி நின்றால்
குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கவேண்டும்.
கிளீனர் பையன் திருப்பூர் போனதிலிருந்து
இதுவும் உன் வேலைதான் என்றுவிட்டார் போஜன்.
கூலி மட்டும் பழையதே.

பாலாடாவில் கழுவிய கேரட்
எல்லநள்ளியில் லாரி ஏறும்வரை
சொட்டிக்கொண்டே வரும்.
டிராக்டர் ஓடாது, நடக்கும்.
நடக்கிற வண்டிக்குப் பின்னால் வருகிற முகங்களை
என்னைப்போல் பார்த்தவர் இந்தத் தாலுகாவில் இல்லை.

நகம் கடிக்கிறவர்.
ஸ்டீயரிங்கில் தாளம் போடுகிறவர்.
போனைத் தொடைமேல் வைத்து
குனிந்து குனிந்து நிமிர்கிறவர்.
போன வாரம் ஒரு வெள்ளைக் கார்.
என் கால் பெருவிரலுக்கும் அதன் பானெட்டுக்கும் நடுவே
ஒரு கேரட் நீளம்.
முதல் தரம்கூட இல்லை, இரண்டாம் தரம்.

அவ்வளவு ஒட்டி வந்தால்
மூட்டைகளைத் தவிர அவருக்கு என்ன தெரியும்?
வளைவு தெரியாது.
வளைவில் இறங்குகிற பஸ் தெரியாது.
தள்ளி வந்தால் தெரியும்.
கத்திச் சொல்லலாம் என்றால்
கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள்.
கையால் காட்டினேன்:
தள்ளு, தள்ளு.
பின்சீட்டில் இருந்த குழந்தை
டாட்டா என்று நினைத்து
பதிலுக்கு ஆட்டியது.

முட்டை வண்டிக்காரர் மட்டும் வேறு.
எப்போதும் மூன்று கம்பம் தள்ளியே வருவார்.
இடையில் எவனாவது புகுந்தால்
அவனுக்கும் பின்னால் மூன்று கம்பம் விடுவார்.
முட்டை கற்றுக்கொடுத்த பாடம் என்று நினைத்திருந்தேன்.
காலி அட்டைகளோடு வருகிற நாளிலும்
அதே மூன்று கம்பம்.
அவர் பெயர் தெரியாது.
அவ்வளவு தூரத்தில் பெயர் தெரியாது.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
மேகம் தேயிலைமேல் உட்கார்ந்திருந்தது.
கேத்தி தாண்டிய ஏற்றத்தில்
கியர் விழவில்லை.
போஜன் "ஏய்" என்றார்.
பெயர் சொல்ல நேரமில்லை.
வண்டி பின்னால் நடக்கத் தொடங்கியது.

குதித்தேன்.
எங்கள் கேரட் சொட்டிய தண்ணீரிலேயே வழுக்கினேன்.
முழங்கால் தார்மேல்.
முதல்முறை கட்டை நழுவியது.
கூடவே ஓடினேன்.
இரண்டாம் முறை
டயர் அதன்மேல் கொஞ்சம் ஏறியது,
யோசித்தது,
இறங்கி உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.
அத்தனை வெறும் சாலையை ஒரே இடத்தில்
அதுவரை பார்த்ததில்லை.
பிறகு வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
முட்டை வண்டி.
அவர் இறங்கி, தன் வண்டிக்கும் பின்னால் போய்,
மேகத்தைப் பார்த்துத் துண்டை
ஆட்டிக்கொண்டிருந்தார்.

போஜன் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில்
வண்டி பின்வந்த தூரத்தை
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
பதினாறு.
பதினாறு அடியில்
அந்த வெள்ளைக் கார்
பின்சீட்டோடு சேர்த்து அடங்கும்.

கிழிந்த மூட்டையிலிருந்து ஒரு கேரட் விழுந்து
சரிவில் உருண்டது.
ஈரத்தில் தயங்கி, திரும்பவும் உருண்டு,
மூன்று கம்பமும் கடந்து
அவர் டயரில் முட்டி நின்றது.
வந்து எடுத்தார்.
சட்டையில் துடைத்தார்.
கடித்தார்.

"கழுவினதுதான்!" என்று கத்தினேன்.
கேட்டதா என்று
தெரியவில்லை.