மூன்று மாதக் குழாய்

பச்சை ஆடையோடு வெளியே வந்த டாக்டர் வொராவித்
"பிளாஸ்டிக்" என்றார்.
அந்த ஒரு சொல்லிலிருந்து
மீதியை நானே படித்துக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலிக்காரி முன்பே சொல்லியிருந்தாள்:
உலோக வலை வைத்தால் நாளிருக்கிறது என்று அர்த்தம்.
பிளாஸ்டிக் மூன்று மாதம் தாங்கும்,
அதற்குமேல் தாங்க வேண்டியிராதவர்களுக்கு.
அவள் கணவனுக்கு எது என்று நான் கேட்கவில்லை.
அவள் மடியில் ஒரு காலிப் பை
நான்காக மடிந்து கிடந்தது.

கம்பூனுக்கு முதலில் வந்தது வலியில்லை, அரிப்பு.
சர்க்கரை ஆலை வாசலில் லாரி வரிசை நகரும்வரை
ஸ்டீயரிங்கில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தானாம்.
இரவில் பாயெல்லாம் ரத்தப் பொட்டு.
நகங்களை ஒட்ட ஒட்ட வெட்டினேன்.
சீப்பை எடுத்துக்கொண்டான்.
சீப்பை ஒளித்தேன்.
கதவு நிலைக்கு முதுகைக் கொடுத்தான், எருமை மாதிரி.

பிறகு சிறுநீர் கட்டன் தேநீராயிற்று.
மலம் வெளுத்தது.
இறங்க வழியற்ற பித்தம்
தலைக்கு ஏறவில்லை, கண்ணுக்கு ஏறியது.
காலையில் சோறு வாங்க வந்த பிட்சு
தன் அங்கியின் நிறத்தை இவன் விழியில் பார்த்துவிட்டு
வாழ்த்துச் சொல்ல ஒரு கணம் மறந்தார்.

நீர்த்தேக்கத்து மீனைப் பச்சையாய்க் கொத்தி,
எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப்பொடி தூவி
முப்பது வருடம் பரிமாறியவள் நான்.
புழுவின் படம் சுகாதார நிலையச் சுவரில் இருந்தது,
இலை போல, அழகாகக்கூட.
எலுமிச்சை கொன்றுவிடும் என்றார்கள்.
என் தட்டிலும் அதே மீன்தான்.
எனக்கேன் வரவில்லை என்று
ஈசான் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை.

வாய்வழியே ஒரு விளக்கை இறக்கினார்கள்.
குடலில் திரும்பி, இடுக்கில் ஒரு கம்பி நுழைந்து,
கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாய் போயிற்று.
பேனா ரீஃபிலில் பாதி நீளம்.
"இது குணமாக்குவதில்லை" என்று
இரண்டு தடவை சொன்னார் டாக்டர்.
கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும்,
வழி மட்டும் விடும்.

ஐந்தாம் இரவு கம்பூன் தூங்கினான்.
சத்தமில்லாத பாயைக் கேட்டுக்கொண்டு
நான் விழித்திருந்தேன்.
விடிந்ததும் உரக்கடைக் காலண்டரில்
மூன்று தாள் தள்ளி எண்ணினேன்.
அந்த மாதத்தை மட்டும் கிழித்து
அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

அவன் சாப்பிட்டான். உப்புக் குறைவென்று திட்டினான்.
லாரியை விற்றான். விற்ற விலைக்கு ஒரு வாரம் புலம்பினான்.

நூற்று ஏழாம் நாள் குளிர் நடுக்கம்.
மைத்துனனின் வண்டியில் கோன் கேனுக்கு இரண்டு மணி நேரம்,
அவன் தலை என் தொடையில் அடுப்பாய்.
குழாய் அடைத்துக்கொண்டதாம்.
குழாய்தான், அவன் இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அதைக் காட்டச் சொன்னான்.
நர்ஸ் எஃகுக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்,
உள்ளே கறுப்புக் கசண்டு.
வெகு நேரம் பார்த்தான்.
"இந்தப் பயலைவிட நான் கெட்டி" என்றான்.
அப்போதுதான் தெரிந்தது,
ஆண்கள் வார்டிலும் நாற்காலிகள் பேசியிருக்கின்றன.

"இம்முறை உலோகம் வைத்திருக்கிறோம்" என்றார் வொராவித்.
நான் சிரித்துவிட்டேன்,
கல்யாணச் செய்தி கேட்டவள் போல.
அவர் விழித்தார்.
எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.
வலைக்கண் வழியே கட்டி உள்ளே வளரலாம் என்று
கேட்காமலே சொன்னார்.

வீட்டில் அரிசி அள்ளும்போது
கையில் தாள் தட்டுப்பட்டது.
அது போன மாதம்.
அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டேன்.
உள்ளே கம்பூன் பெட்டி பெட்டியாய்க் கவிழ்த்து
நகவெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.
வளர்ந்துவிட்டதாம்.