பையைப் பிடித்தவன்

சில்வா ஏரியில், நாணல் திட்டின்மேல்
மிதக்கிறது வைசனின் குடிசை.
கையை நீட்டினால் தண்ணீர்.
நடுவில் கருவாடாகக் கிடந்தான் அவன்.

இரவெல்லாம் போனதாம்,
அரிசி களைந்த நீர்போல.
கண்கள் குழிக்குள் இறங்கிவிட்டன.
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

சைக்கிள் டியூப் துண்டால் கையை இறுக்கி
நர்ஸ் ஃபைனெஸ் தட்டினாள், தடவினாள்.
நரம்பு எழவில்லை.
இடக்கையில் இரண்டு, வலக்கையில் ஒன்று,
மூன்று முறையும் ஊசி சும்மா திரும்பியது.
"படகை ஆட்டாதே" என்று யாரையோ வைதாள்.
ஆடியது குடிசை.
நான்காவதில் ஒரு சொட்டு,
கறுப்பாய், தயங்கி.

நாணல் கூரையில் ஆணி நிற்காது.
"இங்கே யார் உயரம்?"
நான்தான்.

இந்த வைசன் எனக்குத் தரவேண்டியது
பதினெட்டாயிரம் குவாச்சா.
போன மழைக்கு முன் வாங்கிய வலைக்கு.
அதைக் கேட்கத்தான் அன்று வந்திருந்தேன்.

முதல் பை இருபதே நிமிடத்தில் காலி.
"இதில் என்ன இருக்கிறது?"
"உப்பு, தண்ணீர், இன்னும் கொஞ்சம்."
"ஏரியிலும் அதுதானே?"
"அதைக் குடித்துத்தான் இப்படிக் கிடக்கிறான்."

மூன்றாவது பைக்குத் தோள் எரிந்தது.
மூக்கில் ஒரு ஈ.
விரட்டக் கையைக் கொஞ்சம்,
கொஞ்சம்தான், தாழ்த்தியிருப்பேன்.
குழாயில் ஒரு சிவப்பு நூல்
அவன் கையிலிருந்து புறப்பட்டு
என்னை நோக்கி ஏறி வந்தது.

"தூக்கு கையை!"

தூக்கினேன்.
நூல் இறங்கி அவனுக்குள் போயிற்று.
ஈ மூக்கிலேயே இருந்தது.

ஐந்தாவதில் கண் திறந்து என்னைப் பார்த்தான்.
கணக்கு நினைவு வந்திருக்க வேண்டும்,
சட்டென மூடிக்கொண்டான்.

பொழுது சாய மூத்திரம் பெய்தான்,
பழைய எண்ணெய்ப் புட்டியில், காலளவுகூட இல்லை.
ஃபைனெஸ் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து
"வேலைநிறுத்தம் முடிந்தது" என்று சிரித்தாள்.
அந்த நாளில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

காலிப் பைகளைக் கேட்டேன்.
ஊதிக் கட்டினால் வலைக்கு மிதவையாகும்.
"எரிக்க வேண்டும்."
ஒன்று மட்டும்?
"ஒன்றும் கிடையாது."

தூக்கிய கை இறங்க மறுத்தது.
மற்றக் கையால் பிடித்து இறக்கி
மடியில் வைத்துக்கொண்டேன்.
இருட்டில் ஒற்றைக் கையால் துடுப்பு போட,
படகு வட்டம் சுற்றியது.
அவன் குடிசை விளக்கு
இந்தப் பக்கம் வந்தது,
முதுகுக்குப் பின்னால் போனது,
மறுபடியும் வந்தது.