நகக்கண்

ஈரி நகரம். சனி இரவு, மணி ஒன்றே முக்கால்.
ஏரி தன் பனியையெல்லாம்
அரங்கின் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது.
தரைக்கடியில், ஜன்னல் இல்லாத வீடியோ அறையில்
ஒபியோரா இதுவரை முந்நூற்றுப் பதினோரு முறை
பாய்ந்துவிட்டான்.
நிறுத்துகிறேன். பின்னோக்கி ஓட்டுகிறேன்.
மறுபடி பாய்கிறான்.

ஒமாஹா அணியின் வலது ஓரம். வயது இருபத்துமூன்று.
பந்து அசைவதற்கு அரைக்கணம் முன்பே
அவன் தோள் அசைந்துவிடும்.
எதிரே எங்கள் ஸ்டக்ஸ்:
முப்பத்துநான்கு, நூற்று நாற்பத்தைந்து கிலோ,
இரண்டு முறை அறுத்துத் தைத்த முழங்கால்.
ஸ்டக்ஸின் முதுகுக்குப் பின்னால்
குவார்ட்டர்பேக்கின் பார்வை படாத இடம்.
ஊருக்கு நாளை ஒரு பெரிய ஆட்டம்.
எனக்கு அது இவ்விருவருக்கும் நடுவே
ஒரு முழம் புல்.

எங்கள் பயிற்சியாளர் ப்ரூஷ்காவும்
அவர்களின் தடுப்பாட்டத்தை நடத்தும் டீட்ஸும்
டேட்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள்,
ஒரே வாணலியில் முட்டை பொரித்தவர்கள்.
கூடுதல் ஆளை ஏவும் முன் டீட்ஸ்
கட்டைவிரலை நாக்கில் தொடுவார்.
ப்ரூஷ்காவுக்கு அது தெரியும்.
தெரியும் என்பது டீட்ஸுக்குத் தெரியும்.
போன வருடம் ஆட்டம் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருந்தார்,
பக்கம் புரட்டுகிறவர் மாதிரி.
பாம்பின் கால் பாம்பறியுமாம்.
அறிந்து என்ன,
இரண்டுக்குமே கால் இல்லை.

கிக்கர் லோவாசுக்கு ஒமாஹாவில் எதிரி கிடையாது.
அவன் எதிரி வடமேற்குக் காற்று.
அதை வெட்டி ஒட்டித் தர
என்னிடம் படம் இல்லை.

இரண்டரை மணிக்குத்தான் அதைப் பார்த்தேன்.
ஒபியோராவிடம் அல்ல. நம் ஆளிடம்.
ஸ்டக்ஸ் குனிந்து வலக்கையைத் தரையில் ஊன்றுகிறான்.
ஓடுவதற்கான ஆட்டமென்றால்
பாரமெல்லாம் விரலில் இறங்கி நகக்கண் வெளுக்கிறது.
எறிவதற்கென்றால் கை சும்மா தொட்டிருக்கிறது,
நகம் ரோஜா நிறத்திலேயே இருக்கிறது.
நாற்பது துண்டுகள் போட்டுப் பார்த்தேன்.
முப்பத்தெட்டில் சரி.

உடனே குளிர்ந்தது எனக்கு.
ஒமாஹாவிலும் இப்படி ஓர் அறை இருக்கும்.
அங்கும் யாரோ ஒருத்தி, அல்லது ஒருவன்,
ஆறிய காபியுடன்
எங்கள் ஸ்டக்ஸை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி,
திரையருகே மூக்கை வைத்துக்கொண்டு.
எத்தனை நாளாகத் தெரியும் அவர்களுக்கு?
இன்றிரவு எனக்கு எதிராக ஆடுவது
பெயர் தெரியாத அந்த ஆள்.

சொல்வதா வேண்டாமா?
நடக்கிறவனிடம் காலைப் பற்றிப் பேசினால்
இடறி விழுவான்.
பதினோரு ஆண்டுகளாகக் கையுறை போடாதவன்.
போன ஜனவரியில் மூக்குச்சளி உறைந்தபோதும்
போடாதவன்.
புல் கையில் பட வேண்டும் என்பான்.
மஞ்சள் தாளில் ஒரே வரி எழுதி
அவன் அலமாரியின் இடுக்கில் செருகினேன்.
"மிசஸ்" என்று தொடங்கும் என் பெயரைப் போடவில்லை.
அவனுக்கு என் கையெழுத்து தெரியாது.

ஞாயிறு. பன்னிரண்டு ஐம்பது.
நாணயம் இன்னும் மேலே போகவில்லை.
ப்ரூஷ்கா டீட்ஸைத் தழுவிக்கொள்கிறார்,
இருவர் வாயையும் காகிதம் மறைத்திருக்கிறது.
ஓரத்தில் ஸ்டக்ஸ் தனியாக நின்று
கையை மூடித் திறக்கிறான், மூடித் திறக்கிறான்.
இரண்டு கையிலும் கறுப்புக் கையுறை.
விலைச்சீட்டின் நூல்
இன்னும் மணிக்கட்டில் ஆடுகிறது.

ஒபியோரா அதைப் பார்த்தான்.
அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கக் கண்ணாடி அறையில்
சாம்பல் நிறத் தொப்பி ஒன்று குனிந்து
எதையோ வேகமாக எழுதுகிறது.